ஆற்றில் கரைத்த புளியா? ஐரோப்பாவின் பொதுப்பணமும் மென்பொருள் ஆராய்ச்சியும்

7 செப்டம்பர் 2025: ஒரு வாசகரின் கேள்வி

"ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1984 முதல் தகவல் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இப்போது நடக்கும் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் எல்லாத் துறைகளுக்குமாக 9,550 கோடி யூரோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தேடுபொறி அமெரிக்காவுடையது, இயங்குதளம் அமெரிக்காவுடையது, கிளவுட் என்னும் மேகக் கணிமையும் அமெரிக்காவுடையது. நாற்பது ஆண்டுகளாகக் கொட்டிய பணம் ஆற்றில் கரைத்த புளிதானே?"

8 செப்டம்பர் 2025

இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். இந்தக் கேள்வியை என் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேள்வியைப் பதிந்த வைய விரிவு வலையே, அதாவது இணையத்தின் மேல் இயங்கும் WWW, ஜெனீவாவில் உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்தது. டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் எழுதிக் கொடுத்த முன்மொழிவு அது. உறுப்பு நாடுகளின் வரிப்பணத்தில் இயங்கும் அந்த ஆய்வகம், 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அதன் நிரலை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. பைத்தான் மொழி ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. என்னும் நெதர்லாந்து தேசிய ஆய்வு நிறுவனத்தில் எழுதப்பட்டது. இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர் எவரும் முதலில் தொடும் சைக்கிட்-லேர்ன் என்னும் நிரல்தொகுப்பு, பிரான்சின் தேசியக் கணினியியல் ஆய்வு நிறுவனமான ஐன்ரியாவின் ஆய்வாளர்கள் கையில் எடுத்த பிறகே 2010 பிப்ரவரியில் பொதுவெளியீடு கண்டது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்று கல்லூரியில் படித்தோமே, அதன் தொடக்கமான சிமுலா மொழி ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் 1960களில் உருவானது.

தேடுபொறி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தேடப்படும் பொருளும் தேடும் முறையை எழுதப் பயன்படும் மொழியும் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

8 செப்டம்பர் 2025, இரவு

மேலே எழுதியதில் ஒரு குழப்பத்தை நானே உண்டாக்கிவிட்டேன். கேள்வி ஆணையத்தின் பணத்தைப் பற்றியது. நான் காட்டிய நான்கில் ஒன்றுகூட, கட்டமைப்புத் திட்டங்கள் எனப்படும் ஆணையத்தின் பல்லாண்டு ஆராய்ச்சி நிதித் திட்டங்களில் பிறந்ததன்று. நான்கும் நிலையான ஆய்வு நிறுவனங்களின் பிள்ளைகள். ஐரோப்பாவில் ஆராய்ச்சிக்கான அரசுச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஐரோப்பிய ஒன்றிய அளவில் செலவாகிறது, மீதி அந்தந்த நாட்டின் பணம். இந்த இரண்டு பைகளையும் பிரித்துப் பேசாவிட்டால் நம் விவாதம் எங்கும் போய்ச் சேராது. திருத்திக்கொள்கிறேன்.

11 செப்டம்பர் 2025

ஆணையத்தின் பணம் எதற்காகத் தொடங்கியது என்று ஒருவர் கேட்டிருந்தார். 1980களின் தொடக்கத்தில் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தை அறிவித்திருந்தது, ஐபிஎம் ஐரோப்பியச் சந்தையை ஆண்டுகொண்டிருந்தது. தொழில்துறை ஆணையராக இருந்த எத்தியென் தாவிஞ்ஞோன் பன்னிரண்டு பெரிய நிறுவனங்களின் தலைவர்களை ஒரே மேசைக்கு அழைத்தார். சீமென்ஸ், நிக்ஸ்டார்ஃப், ஏ.இ.ஜி., புல், தாம்சன், சி.ஜி.இ., ஒலிவெட்டி, ஸ்டெட், ஃபிலிப்ஸ், ஐ.சி.எல்., ஜி.இ.சி., பிளெஸ்ஸி ஆகியவை அவை. அந்தப் பேச்சிலிருந்து 1984இல் எஸ்பிரிட் திட்டம் வந்தது. போட்டியிடும் நிறுவனங்கள் சந்தைக்கு முந்தைய ஆராய்ச்சியைச் சேர்ந்து செய்ய வேண்டும், செலவில் பாதியை ஆணையம் தரும் என்பது அதன் அடிப்படை.

அந்தப் பட்டியலை இன்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1990இல் மட்டும் நிக்ஸ்டார்ஃப் சீமென்ஸுக்குள் போனது, ஐ.சி.எல். நிறுவனத்தின் பெரும்பங்கு ஃபுஜிட்சுவுக்குப் போனது. எஸ்பிரிட்டின் மென்பொருட் பிரிவில் பெரும் நம்பிக்கையோடு தொடங்கப்பட்டது பி.சி.டி.இ. என்னும் கருவிச்சூழல். மென்பொருள் உருவாக்கும் கருவிகள் அனைத்தும் ஒரே பொதுத்தளத்தில் பொருந்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அது ஐரோப்பியத் தரமாகவும் பின்னர் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது, ஆனால் அதைப் பயன்படுத்துவார் இல்லாமற்போயினர். பொதுத்தளம் ஒன்றின் மேல் கருவிகளைப் பொருத்தும் அதே எண்ணத்தை வேறு வடிவில் பிற்காலத் திறமூலக் கருவிகள், அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய கருவிகள், கைக்கொண்டன. எண்ணம் பிழையில்லை. தரத்தை முதலில் எழுதிவிட்டுப் பயனாளரைப் பிறகு தேடியதுதான் பிழை என்று நினைக்கிறேன்.

15 செப்டம்பர் 2025

"உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்காக இது.

நான் சேர்ந்த முதல் திட்டத்தில் ஆறு நாடுகளைச் சேர்ந்த ஒன்பது அமைப்புகள் இருந்தன. குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று அமைப்புகள் கூட்டணியில் இருக்க வேண்டும் என்பது விதி. கூடுதலாக இருந்தால் மதிப்பீட்டில் நல்லது என்ற எண்ணத்தில் எல்லாரும் பெருக்கிக்கொள்வார்கள். ஆறுகளின் நீர்மட்டத்தை அளக்கும் உணரிகளிலிருந்து ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வடிவத்தில் தரவு சேர்க்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றி வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படுத்துவதே எங்கள் பணி. மாற்றி எழுதும் நிரல் என் பொறுப்பு. நல்ல திட்டம் அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

முதல் ஆண்டு முழுவதும் தேவைகளின் பட்டியல், கட்டமைப்பு வரைவு, தரவு மேலாண்மைத் திட்டம் என்று டெலிவரபிள், அதாவது ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டிய அறிக்கைகள், எழுதுவதில் போனது. இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் உண்மையான தரவு கைக்கு வந்தது. வந்த தரவு, முதல் ஆண்டில் நாங்கள் வரைந்த கட்டமைப்பில் பொருந்தவில்லை. ஒரு நாட்டின் உணரிகள், கோடைநேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும் நாளில், அந்த ஒரு மணி நேரத்தை இருமுறை பதிந்தன. இன்னொரு நாட்டில் மட்டத்தின் தொடக்கப்புள்ளியே ஆற்றுக்கு ஆறு மாறியது. இத்தகைய நுணுக்கங்களைச் சரிசெய்யும் நிரல்தான் அந்தத் திட்டத்தின் உண்மையான செல்வம், அதை மூன்றாம் ஆண்டின் கடைசி ஏழு மாதங்களில் எழுதினேன். இறுதி மதிப்பாய்வில் பாராட்டும் கிடைத்தது.

திட்டம் முடிந்த மறுநாள் முதல் அந்த நிரலைத் தொட எனக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. மறுநாள் முதல் என் வேலைநேரம் வேறொரு திட்டத்தின் கணக்கில் ஏறியது. இது எவருடைய சோம்பலும் இல்லை. மானிய ஒப்பந்தத்தின்படி செலவு திட்டக் காலத்துக்குள் ஏற்பட்டதாக இருக்க வேண்டும். இறுதி அறிக்கை தயாரிப்பது போன்ற செலவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படியானால் பராமரிப்பு என்னும் செலவுக்கு அந்தக் கணக்கேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் சர்வரை நடத்திய பங்காளி ஒரு குளிர்காலம் வரை சொந்தச் செலவில் வைத்திருந்து, பிறகு அணைத்துவிட்டார். அடுத்த ஆண்டு நீரியல் மாணவி ஒருவர் அந்த மாற்றி நிரல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினார். என்னிடம் இருந்த பிரதியை அனுப்பினேன். அது புதிய பைத்தான் பதிப்பில் ஓடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன், முழுதாக முடியவில்லை. அவர் தம் ஆய்வேட்டுக்காக அதைப் புதிதாக எழுதிக்கொண்டார். ஒரே வரிப்பணம், ஒரே கணக்கு, இருமுறை.

16 செப்டம்பர் 2025

"மதிப்பீட்டாளர்கள் கேட்டிருக்க வேண்டாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டார்கள். "திட்டத்துக்குப் பின் இது எப்படி வாழும்?" என்பது விண்ணப்பத்திலேயே உள்ள கேள்வி. நாங்களும் இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தோம். பணமில்லாத பதில் அது.

21 செப்டம்பர் 2025

என் சோகக்கதையைப் பொதுவிதியாக்கிவிட்டேனோ என்ற ஐயம் ஐந்து நாளாக உள்ளே இருக்கிறது. கூட்டணித் திட்டங்கள் எல்லாமே முடிந்த மறுநாள் இறந்துவிடுகின்றன என்று நான் சொன்னால் அது பொய்.

ஃபைவேர் நல்ல எதிர்ச்சான்று. எதிர்கால இணையத்துக்கான அரசு-தனியார் கூட்டு முயற்சி என்று 2011இல் தொடங்கி, 30 கோடி யூரோ ஒன்றியப் பணம் பெற்ற திட்டக்கொத்து அது. அமெரிக்க மேகக் கணிமைக்கு மாற்று என்ற ஆரவாரத்தோடு வந்தது, அந்த அளவில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் அதற்குள் இருந்த ஒரு சிறு பகுதி தங்கியது. நகரத்தின் தெருவிளக்கு, பேருந்து, குப்பைத்தொட்டி என எதன் நிலையையும் ஒரே முறையில் கேட்டறியும் இடைமுகமும், அதை நடைமுறைப்படுத்தும் ஓரியன் என்னும் தரகு மென்பொருளும்தான் அந்தப் பகுதி. 2016இல் அடோஸ், எஞ்சினியரிங், ஆரஞ்சு, டெலிஃபோனிக்கா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஃபைவேர் அறக்கட்டளையைப் பெர்லினில் அமைத்தன. இடைமுகத்தின் அடுத்த வடிவம் எட்ஸி என்னும் ஐரோப்பியத் தர அமைப்பின் தரமாகவே 2019இல் வெளிவந்தது.

என்ன வேறுபாடு? திட்டம் முடியும் நாளில் பொறுப்பை ஏற்க ஓர் அமைப்பு ஆயத்தமாக இருந்தது. எங்களுக்கு அது இருக்கவில்லை. ஆகவே 15ஆம் தேதிக் குறிப்பை இப்படித் திருத்துகிறேன். மூன்றாண்டு என்ற கால அளவு கொல்வதில்லை. வாங்கிக்கொள்ளக் கை இல்லாமல் முடிவதுதான் கொல்கிறது.

28 செப்டம்பர் 2025

நீண்ட குறிப்பு. ஆனால் இந்த ஒன்றுக்காகத்தான் நான் இங்கே எழுதத் தொடங்கினேன்.

1996 ஜூன் 4ஆம் நாள் ஏரியன் 5 ஏவூர்தி தன் முதற்பயணத்தில், புறப்பட்டு நாற்பது நொடிகூட ஆகாமல் சிதறியது. பின்னப் பகுதியும் கொண்ட 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் வழிந்தது. முந்தைய ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்ட நிரல் அது. புதிய ஏவூர்தியின் வேகத்துக்கு அந்த இடம் போதவில்லை.

இத்தகைய வழுவை நிரலை ஓட்டாமலேயே கண்டுபிடிக்கும் கணிதம் அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பாத்ரிக் கூசோ, ராதியா கூசோ என்னும் இணையர் 1977இல் பிரான்சிலிருந்து வெளியிட்ட அருவப் பொருள்கோள் முறை அது. ஒரு மாறி எடுக்கக்கூடிய மதிப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது, ஆகவே அவற்றை உள்ளடக்கும் ஒரு வரம்பைக் கணக்கிட்டு, அந்த வரம்பு ஆபத்தான இடத்தைத் தொடுகிறதா என்று பார்க்கலாம் என்பதே அதன் சாரம். தொடவில்லை என்றால் வழு இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். தொட்டால், உண்மை வழுவாகவும் இருக்கலாம், வரம்பு பெரிதாக வரையப்பட்டதால் எழுந்த பொய் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

விபத்துக்குப் பிறகு ஐன்ரியாவில் இந்த முறையைக் கொண்டு ஏரியனின் நிரலை ஆராய்ந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து பாலிஸ்பேஸ் என்னும் நிறுவனம் 1999இல் பிறந்தது. 2007இல் அதை அமெரிக்காவின் மேத்வொர்க்ஸ் வாங்கியது. இன்னொரு கிளை பாரிசில் எகோல் நோர்மால் சுப்பீரியர் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் வளர்ந்தது. கூசோவின் குழு 2001இல் அஸ்திரே என்னும் ஆய்வுக்கருவியைத் தொடங்கியது. 2003 நவம்பரில், ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலில், அதாவது 1,32,000 வரி சி நிரலில், ஓடும்போது ஏற்படும் வழு எதுவும் இல்லை என்று அக்கருவி தானாகவே நிறுவியது. ஒரு பொய் எச்சரிக்கைகூட எழவில்லை. சாதாரண மேசைக்கணினியில் ஒரு மணி இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்று அந்தக் கருவியைச் சார்ப்ரூக்கனில் உள்ள ஆப்ஸின்ட் நிறுவனம் விற்றுப் பராமரிக்கிறது.

1977க்கும் 2003க்கும் இடையில் 26 ஆண்டுகள். அந்த இடைவெளியில் எந்தச் சந்தை அறிக்கையும் இதைப் போக்கு என்று எழுதியிருக்காது. மாதச் சம்பளம் கொடுத்து, "என்ன ஆயிற்று?" என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை கழுத்தைப் பிடிக்காமல், பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனமும் அந்த மனிதர்களை வைத்திருந்தன. கணிதச் சான்றுகளை எழுதிச் சரிபார்க்க உதவும் காக் என்னும் மென்பொருள் 1984இல் தொடங்கி இன்று ராக் என்ற பெயரில் வாழ்வதும், அதில் எழுதிச் சரிபார்க்கப்பட்ட காம்ப்சர்ட் என்னும் கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வந்ததும் இதே வழியில்தான். விமானத்தில் ஏறும்போதெல்லாம் இவர்களை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

29 செப்டம்பர் 2025

"அப்படியானால் திட்டப் பணத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நிறுவனங்களுக்கே கொடுத்துவிடலாமா?" கூடாது. நிலையான இடம் இல்லாத இளையவர்களுக்குத் திட்டப் பணம் ஒன்றே வாசல். நானே அந்த வாசல் வழி வந்தவன். மேலும், கூட்டணி கட்டாயமில்லாத ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் மானியத்தை மறந்துவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஸ்காலா நிரல்மொழியை உருவாக்கிய மார்ட்டின் ஒடெர்ஸ்கியின் குழுவுக்கு 2011இல் அந்த மன்றம் 23 லட்சம் யூரோவுக்கு மேல் ஐந்தாண்டு மானியம் கொடுத்தது. மொழி அதற்கு முன்பே இருந்தது, பயனாளர்களும் இருந்தார்கள். இருப்பதை வளர்க்கக் கொடுத்த பணம் அது.

5 அக்டோபர் 2025

தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று முதல் வாசகர் நினைவூட்டியிருக்கிறார். நியாயம்.

கேப்ஜெமினி 1967இல் கிரெனோபிளில் செர்ஜ் காம்ஃப் தொடங்கியது. எஸ்.ஏ.பி. 1972இல் ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் தொடங்கியது. இரண்டும் கட்டமைப்புத் திட்டங்கள் பிறப்பதற்கு முன்பே வேரூன்றியவை, இரண்டையும் வளர்த்தவர்கள் வாடிக்கையாளர்களே. சேவை நிறுவனங்கள் ஆய்வுக் கூட்டணிகளில் இன்றும் நிறைய இருக்கின்றன. நான் பார்த்தவரை அவற்றின் பங்கு இரண்டு வகை. சில நிறுவனங்களில் உண்மையான ஆய்வுக்குழு இருக்கிறது. அவர்கள் வந்தால் திட்டத்தின் முகமே மாறும். வேறு சிலவற்றுக்கு இது ஆளை அமர்த்தி வைக்கும் இடம். மானியம் செலவை ஈடுகட்டும், லாபம் தராது. வணிக நிறுவனத்துக்கு ஆய்வு வகைத் திட்டத்தில் செலவு முழுமையும் கிடைக்கும், புத்தாக்க வகைத் திட்டத்தில் 70 விழுக்காடு கிடைக்கும், மறைமுகச் செலவுக்கு 25 விழுக்காடு சேர்த்துத் தரப்படும். வாடிக்கையாளரிடம் நாட்கட்டணம் வாங்கும் ஆளை இந்தக் கணக்குக்குள் அனுப்ப மேலாளருக்கு மனம் வராது. ஆகவே திட்டத்தின் நடுவில் ஆள் மாறுவார், மறுபடியும் மாறுவார். இதில் எவரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, கணக்கு அப்படி இருக்கிறது.

சேவைத் துறையை நகர்த்தும் பெரிய பணம் ஆராய்ச்சியில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. ஒன்றிய நாடுகளின் பொது அமைப்புகள் ஆண்டுதோறும் வாங்கும் பொருளும் சேவையும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 14 விழுக்காடு. அதில் மென்பொருளுக்குப் போகும் சிறு பங்கின் திசை மாறினாலே சந்தை மாறும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் 30,000 அரசுக் கணினிகளை, மைக்ரோசாஃப்ட் ஆபிசுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸ் என்னும் திறமூல மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்தது. இந்த மாதத் தொடக்கத்தில் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சற் கணக்குகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்திருக்கிறார்கள். லிப்ரே ஆபிசில் இருக்கும் குறைகளைச் சரிசெய்யச் சேவை நிறுவனங்களுக்கு இப்போது ஒப்பந்தம் உண்டு. ஆராய்ச்சி மானியத்தில் கிடைக்காத பராமரிப்புப் பணம் கொள்முதல் வழியாகக் கிடைக்கிறது.

6 அக்டோபர் 2025

மியூனிக்கை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மறைக்கவில்லை, எழுதத் தோன்றவில்லை. மியூனிக் நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, பல்லாண்டு உழைத்து மாறி, 2017இல் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது. ஒரு நகரம் தனியாகத் தன் பதிப்பைச் சுமந்தது. பக்கத்து நகரங்கள் சேரவில்லை. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் இன்று நடப்பது நிலைக்குமா என்பதற்கு நான் உறுதி தர முடியாது. மாநிலம் மாநிலமாகச் சேர்ந்தால் நிலைக்கும்.

12 அக்டோபர் 2025

பராமரிப்புக்குப் பணம் கொடுக்க ஐரோப்பாவில் வழியே இல்லை என்று இதற்கு முந்தைய குறிப்புகளைப் படிப்பவர் நினைத்துவிடுவார். இருக்கிறது, அண்மையில்தான் வந்தது.

2014 ஏப்ரலில், இணைய இணைப்புகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்னும் வழு வெளிப்பட்டபோது, உலகின் பாதுகாப்பான இணைப்புகளில் பெரும்பகுதி ஒரு கைப்பிடி ஆட்களின் ஓய்வுநேர உழைப்பில் நிற்பது தெரிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபெலிக்ஸ் ரேடா, மாக்ஸ் ஆண்டர்சன் இருவரும் முயன்று, ஒன்றிய நிறுவனங்கள் பயன்படுத்தும் திறமூல மென்பொருளைத் தணிக்கை செய்ய 10 லட்சம் யூரோவில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கடவுச்சொற்களைக் காக்கும் கீபாஸ், இணையத்தளங்களை வழங்கும் அப்பாச்சி சர்வர் இரண்டும் அதில் தணிக்கை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில், எண்ணற்ற மென்பொருள்கள் தம் செயல்களைப் பதியப் பயன்படுத்தும் லாக்4ஜே கருவியில் வழு வெளிப்பட்டது. மறு ஆண்டு ஜெர்மன் அரசு தன் பணத்தில் இறைமைத் தொழில்நுட்ப நிதியைத் தொடங்கியது. இணையம் வழியே தரவை அனுப்பிப் பெறும் கர்ல் போல நாம் தினமும் அறியாமல் பயன்படுத்தும் கருவிகளைப் பராமரிக்கவே அந்த நிதி பணம் தருகிறது. புதுமை என்ன என்று அது கேட்பதில்லை. என் துறையில் இதைப் புரட்சி என்றே சொல்வேன்.

மூன்றாவது வழி நெதர்லாந்தின் என்.எல்.நெட் அறக்கட்டளை. ஆணையத்தின் அடுத்த தலைமுறை இணையம் என்னும் முயற்சியில் வந்த பணத்தை 5,000 முதல் 50,000 யூரோ வரையிலான சிறு மானியங்களாக அது பிரித்துக் கொடுத்தது. கூட்டணி தேவையில்லை, தனி ஆளும் கேட்கலாம், விண்ணப்பம் சில பக்கம்தான். மாஸ்டடான், பியர்டியூப், லெம்மி போன்ற திறமூலச் சமூகத் தள மென்பொருள்கள் அதில் பயன் பெற்றன. 2024 கோடையில், அடுத்த ஆண்டுக்கான வரைவில் அந்த முயற்சியே காணாமற்போனதைக் கண்டு திறமூல அமைப்புகள் பல சேர்ந்து ஆணையத்துக்குத் திறந்த மடல் எழுதின. அதில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். கொடுத்த பணத்துக்கு மிகுதியான நிரல் வந்த வழியை அடைக்க நினைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

21 அக்டோபர் 2025

நேற்று அமேசானின் வர்ஜீனியா தரவு மையப் பகுதியில் ஏற்பட்ட கோளாறால் ஐரோப்பாவிலும் பல சேவைகள் மணிக்கணக்கில் நின்றன; பிரிட்டனில் வங்கிகளும் வரித்துறைத் தளமும்கூட அகப்பட்டன. எங்கள் அலுவலகத்தில் முற்பகல் முழுவதும் இதே பேச்சு.

மேகக் கணிமையில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஐரோப்பியச் சந்தையிலேயே இருக்கும் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 70. இதற்கு மாற்றாகத்தான் 2020 ஜூனில் ஜெர்மனியின் பேட்டர் அல்ட்மையரும் பிரான்சின் ப்ரூனோ லெ மேரும் காயா-எக்சை முன்வைத்தார்கள். அது மேகக் கணிமையைக் கட்டும் திட்டமன்று. சேவைகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான விதிகளை எழுதும் அமைப்பு. அமெரிக்க நிறுவனங்களும் உறுப்பினராகச் சேர்ந்தன. தொடக்க உறுப்பினரான பிரான்சின் ஸ்கேல்வே 2021 நவம்பரில் விலகிச் சென்றது. 11 செப்டம்பர் குறிப்பில் பி.சி.டி.இ. பற்றி எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள்: தரம் முதலில், பயனாளர் பிறகு.

2023 டிசம்பரில் ஏழு நாடுகள் சேர்ந்து 120 கோடி யூரோ அரசு உதவியை மேகக் கணிமைக்கு ஒதுக்க ஆணையம் இசைவளித்தது. 19 நிறுவனங்கள் அதில் பங்கேற்கின்றன. பல நாடுகளில் உள்ள சிறு தரவு மையங்களை ஒரே தொடராக இயக்கும் மென்பொருளை எழுதித் திறமூலமாக வெளியிடுவது அதன் ஒரு பகுதி. என் நண்பர்கள் சிலர் அதில் வேலை செய்கிறார்கள், நல்ல பொறியாளர்கள். பணம் முடிந்த பின் அந்த நிரலை வாங்கி வைத்துக்கொள்ளும் கை எது என்று கேட்டேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

22 அக்டோபர் 2025

தேடுபொறிக் கேள்விக்கு நான் நேர்விடை தரவில்லை என்பது சரி. முயன்றார்கள். 2005இல் பிரான்சும் ஜெர்மனியும் க்வேரோ என்ற பெயரில் அறிவித்தார்கள். 2006 முடிவில் ஜெர்மனி பிரிந்து தெசேயுஸ் என்ற தனித்திட்டம் கண்டது. பிரான்சுக்கு 9.9 கோடி, ஜெர்மனிக்கு 12 கோடி யூரோ அரசு உதவிக்கு ஆணையம் இசைவளித்தது. பேச்சறிதல், படமறிதல், பொருள்சார் தேடல் ஆகியவற்றில் நல்ல ஆய்வுகள் வந்தன, தேடுபொறி வரவில்லை. தேடுபொறியை நடத்துவது என்பது அன்றாட வேலை. அது நாள்தோறும் இணையத்தை மேய வேண்டும், நாள்தோறும் விளம்பரப் பணம் ஈட்ட வேண்டும். ஆராய்ச்சி மானியம் அதற்கான கருவி இல்லை.

26 அக்டோபர் 2025

இதில் தமிழுக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பாரிசுக்கு அருகே ஓர்சேயில் உள்ள பிரெஞ்சு அரசின் ஜான் சே மீக்கணினியில் 2022இல் பயிற்றுவிக்கப்பட்டது புளூம் என்னும் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரி. 17,600 கோடி அளவுருக்கள், 46 மனித மொழிகள், அவற்றுள் தமிழும் ஒன்று. தமிழின் பங்கு மிகச் சிறியது. விடைகளும் இன்றைய மாதிரிகளின் தரத்தில் இல்லை. ஆனால் எந்தத் தரவில் பயிற்றுவித்தார்கள் என்பதை வெளிப்படையாக ஆவணப்படுத்தினார்கள். என் மொழி எந்த வாக்கியங்களிலிருந்து கற்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பொதுப்பணம் எனக்குத் தந்தது.

2 நவம்பர் 2025

கடந்த ஜூலையில் ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான அடுத்த கட்டமைப்புத் திட்டத்துக்கு 17,500 கோடி யூரோ முன்மொழிந்திருக்கிறது. நாடுகளும் நாடாளுமன்றமும் இனித்தான் பேச வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ த்ராகியின் சென்ற ஆண்டு அறிக்கை, உலகின் முதல் 50 தொழில்நுட்ப நிறுவனங்களில் நான்கு மட்டுமே ஐரோப்பாவைச் சேர்ந்தவை என்று சொன்னதிலிருந்து தொகையைக் கூட்டும் பேச்சே எங்கும். தொகை கூடட்டும். திட்டம் முடிந்த பின் ஐந்தாண்டுக்கு ஒரு நிரலருக்கான பாதிச் சம்பளத்தைக் கேட்டு வாங்க இடம் தரும் விதி ஒன்று மானிய ஒப்பந்தத்தில் வந்தால், அந்தக் கூடுதலில் மிகச் சிறு பகுதியே செலவாகும். ஆலோசனைக் கேட்பு வந்தபோது நான் எழுதி அனுப்பியதும் அந்த ஒன்றைத்தான்.

இந்த ஆண்டு முதன்முறையாக விண்ணப்பிக்கப் போகும் நண்பர் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். அந்த விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது திட்டத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். நிரலுக்குப் புதுப்பெயர் வைத்துத் தனிக்களஞ்சியம் திறக்கவில்லை. ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் ஒரு புவித்தகவல் லைப்ரரியை, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பை, தேர்ந்து, முதல் ஆண்டிலேயே அதன் பராமரிப்பாளர்களுக்கு எழுதி, எங்களுக்கு வேண்டியதைச் சிறு சிறு திருத்தங்களாக அதற்கே அனுப்பினோம். சிலவற்றை மறுத்தார்கள், சிலவற்றைத் திருப்பி எழுதச் சொன்னார்கள், ஒன்பது ஏற்கப்பட்டன. கோடைநேரத்தில் இருமுறை பதியும் உணரிக்கான திருத்தமும் அந்த ஒன்பதில் உண்டு. முதல் திட்டத்திலிருந்து நினைவில் வைத்து மறுபடி எழுதினேன். டெலிவரபிளில் காட்ட எங்களுக்கென்று ஒரு பெயர்ப்பலகை இல்லையே என்று பங்காளிகள் வருந்தினார்கள், திட்ட அலுவலர் ஏற்றுக்கொண்டார். திட்டம் முடிந்து நான்காண்டாகிறது. சென்ற வாரம் அந்த லைப்ரரியின் புதிய பதிப்பை இறக்கிச் சோதனைகளை ஓட்டினேன். ஒன்பதும் ஓடுகின்றன, இரண்டை நான் அறியாத எவரோ செம்மைப்படுத்தியிருக்கிறார்.